நெருப்பைப் பார்க்காத டெய்லர்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உட்காராதீங்க, ஊசி கிடந்தாலும் கிடக்கும். இந்த பெஞ்சுல உட்காருங்க. காலேஜ்ல இருந்து வர்றீங்களா? அந்த எரிகல்லைப் பத்தி விசாரிக்கவா? என்கிட்ட யார் அனுப்பினது? இருங்க, நானே சொல்றேன். மீன்கடை கலந்தர். "சாட்சின்னா நம்ம நெய்னா டெய்லர்தான், அவர் சொன்னா ஜமாஅத்தே ஒத்துக்கும்"னு சொல்லியிருப்பான். சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பானே? சிரிப்பான். அவனுக்கு இதே பொழைப்பாப் போச்சு. முந்தாநாள் ஒரு பத்திரிகைக்காரரையும் இப்படித்தான் அனுப்பி வச்சான்.

தம்பி, விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். வானத்துல அந்த நெருப்பு போனப்ப இந்த ஊர்ல தவழ்ற புள்ளையில இருந்து படுத்த படுக்கையா கிடக்கிறவங்க வரைக்கும் எல்லாரும் பார்த்தாங்க. பார்க்காத ஒரே ஆள் நான்தான். அதுவும் எங்க நின்னுக்கிட்டு? பெரிய பள்ளிவாசல் மொட்டை மாடியில! ஊர்லயே உயரமான இடத்துல நின்னு, வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கிட்டு, வானத்துல போனதைப் பார்க்கல. இப்படி ஒரு அநியாயம் வேற யாருக்காவது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க.

எந்திரிக்காதீங்க, உட்காருங்க! டீ சொல்லியிருக்கேன். நான் பார்க்கலைன்னாலும் அன்னைக்கு நடந்தது எனக்குத்தானே நடந்துச்சு.

அன்னைக்கு இருபத்தொன்பதாவது நோன்பு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சாயங்காலம் மேற்கே பிறை தெரிஞ்சா மறுநாள் பெருநாள். தெரியலைன்னா இன்னொரு நோன்பு வச்சு முப்பதாக்கிட்டு, அதுக்கு மறுநாள் பெருநாள். ஊருக்கெல்லாம் இது ஒரு சந்தோஷமான இழுபறி. நாளைக்கா, நாளன்னைக்கான்னு கடைத்தெருவே கூத்தாடும். டெய்லருக்கு மட்டும் இது உயிர் போற விஷயம் தம்பி.

ஏன்னா நான் இந்த வருஷம் முப்பது நோன்புன்னு முடிவு பண்ணிட்டேன். போன வருஷம் இருபத்தொன்பதுல முடிஞ்சுது. அப்ப இந்த வருஷம் முப்பதுதானே வரணும்? கணக்கு சரிதானே? ஹஜ்ரத்கிட்ட, எங்க இமாம்கிட்ட, சொன்னேன். "அப்படியெல்லாம் கணக்கு கிடையாது நெய்னா"ன்னார். அவர் என்னைக்காவது மிஷின் மிதிச்சிருக்காரா? அவருக்கு எப்படிப் புரியும். துணி கொண்டு வந்த எல்லார்கிட்டயும் முப்பதாம் நோன்பு ராத்திரி வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டேன். ஹஜ்ரத்தோட ஜிப்பாவையும் சேர்த்துத்தான்.

நான் சொன்ன தேதிக்குக் கொடுத்துடற ஆள் தம்பி. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. இல்ல, யாரையும் கேட்காதீங்க, எதுக்கு வம்பு. போன பெருநாளைக்கு மக்தூம் ஹாஜியார் பழைய ஜிப்பாவோட தொழ வந்தாருன்னு இன்னமும் பேசுறாங்க. அவருக்குப் பழைய ஜிப்பா மேல ஒரு பிரியம், அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இந்த வருஷம் அதே ஹாஜியார் ஒரே துணியில ஒரு பெரிய உருட்டு வாங்கிட்டு வந்து, பேரப்புள்ளைங்க அத்தனை பேருக்கும் ஒண்ணுபோல சட்டை தைக்கக் கொடுத்துட்டார். கலந்தரோட மகளுக்குக் கல்யாணம் ஆகி முதல் பெருநாள், அவளுக்கு ஜரிகை வச்ச சுடிதார். அது வெட்டினது வெட்டினபடி அந்த அலமாரியில இருந்துச்சு. கை இல்லாத சட்டை ஒரு குவியல், காலர் இல்லாதது ஒரு குவியல், பட்டன் இல்லாதது பெரிய குவியல். நாளைக்கு ஒரு முழு நாள் கையில இருக்குன்னு நான் நிம்மதியா இருந்தேன்.

அப்புறம் எதுக்கு மாடிக்குப் போனேன்னு கேட்கிறீங்களா? பிறை தெரியலைங்கிறதை என் கண்ணால பார்த்து உறுதி பண்ணிக்கத்தான்! அவன் பார்த்தேன், இவன் பார்த்தேன்னு எவனாவது ஆசையில கிளப்பி விட்டுடுவான். நானே நின்னு பார்த்து, "தெரியல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நம்ம மிஷின் ஓடும். என் கண்ணு அப்படி. இந்த வயசுலயும் கண்ணாடி கிடையாது. கரண்டு இல்லாதப்பவும் கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டுவேன். ஊருக்கே தெரியும்.

நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுட்டு, அத்தனை பேரும் மாடிப்படியில முட்டி மோதிக்கிட்டு ஏறினோம். மோதினார், அதான் பாங்கு சொல்றவர், கையில மைக்கோட வந்து நின்னுட்டார், பிறை தெரிஞ்சா உடனே ஊருக்குச் சொல்ல. ஹாஜியாரை ரெண்டு பேர் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது, ஆனா ஒரு வருஷமும் பிறை பார்க்க வராம இருக்க மாட்டார். கலந்தர் எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, "என்ன டெய்லரே, நாளைக்குப் பெருநாள்னா ஊரை விட்டு ஓட பஸ் இருக்கா?"ன்னான். மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போய் நின்னேன்.

மேற்கே அடியில கொஞ்சம் மேகம். அதுக்கு மேல வெளிர்சிவப்பு. நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒண்ணும் இல்ல. மனசு குளிர்ந்து போச்சு. சரி, திரும்பலாம்னு நினைக்கிறேன், தென்னந்தோப்பு மட்டைக்கு மேல, அய்யோ தம்பி, என்னன்னு சொல்லுவேன்! வெள்ளைத் துணியில வெள்ளை நூல் ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா எப்படி இருக்கும், அப்படி. கண்ணை இமைச்சா போயிடும். பிறை! ஒரு பக்கம் பயம், அத்தனை துணி இருக்கே. ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கல. வருஷத்துல முதல் ஆளாப் பெருநாள் பிறையைப் பார்க்கிறது லேசான விஷயமா? ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது.

சொல்றதா வேணாமான்னு வாயைத் திறக்கிறேன், பின்னாடி மாடி முழுக்க "யா அல்லாஹ்!"ன்னு ஒரு கத்தல். சரி, எல்லாரும் பார்த்துட்டாங்கடா, இனி நாம சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். கையில மைக்கு இருக்கிறதை மறந்துட்டு மோதினார் "ஓ... ஓ... ஓ..."ன்னார். அது நாலு ஒலிபெருக்கியிலயும் ஊர் முழுக்கக் கேட்டுச்சு. அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னாடி சுவர் பளிச்சுன்னு வெளுத்துச்சு. என் நிழல் என் முன்னால சுவர்ல விழுந்துச்சு. விழுந்த நிழல் சும்மா நிக்கல, அப்படியே நகர்ந்துச்சு. நான் அசையவே இல்ல, நிழல் மட்டும் போகுது!

என்ன தம்பி, திடீர்னு நிமிர்ந்து உட்கார்றீங்க? எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கமா? இடமிருந்து வலமா. மேற்கே பார்த்து நின்னேன், இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் போச்சு. நெருப்பைக் கேட்க வந்துட்டு நிழலைப் போய்க் கேட்கிறீங்களே. சரி, அப்புறம் மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன், சுவரைக் காட்டறேன்.

திரும்பிப் பார்த்திருக்கலாமேன்னுதானே கேட்கிறீங்க? எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. அந்தப் பிறை அப்படிப்பட்ட பிறை தம்பி. கண்ணை எடுத்தா தொலைஞ்சுது, மறுபடி கிடைக்காது. ஊசியில நூல் கோக்கிறப்ப தெருவுல கல்யாண ஊர்வலமே போனாலும் திரும்ப மாட்டேன், அது எனக்குக் கைப்பழக்கம் மாதிரி கண் பழக்கம். நான் திரும்பறதுக்குள்ள வெளிச்சம் போயிருச்சு. பார்த்தா ஒருத்தனும் மேற்கே பார்க்கல. எல்லாரும் கிழக்கே பார்த்து நிக்கிறாங்க. கட்டிப் பிடிச்சுக்கிறாங்க. ஹாஜியார் கைத்தாங்கலை உதறிட்டுத் தனியாக் குதிக்கிறார், "எனக்கே தெரிஞ்சுதுப்பா! எனக்கே தெரிஞ்சுதுப்பா!"ன்னு. ரெண்டு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு "பார்த்தியா? நீ பார்த்தியா?"ங்கிறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எங்கேயோ தூரத்துல 'தொம்'முன்னு ஒரு சத்தம், பள்ளிவாசல் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. அதுக்கு ஒரு கூச்சல்.

நான் மெதுவா மேற்கே திரும்பிப் பார்த்தேன். மேகம் ஏறி மூடிடுச்சு. பிறை போச்சு.

இப்ப யோசிங்க தம்பி. பிறையைப் பார்த்தது யாரு? நான் ஒருத்தன். நான் பார்த்தது யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. நான் பொய் சொல்லப் போறது இல்ல, அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. யாராவது கேட்டா உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்கலையே! எல்லாரும் பச்சை, நீலம், வால், நுனின்னு நெருப்பைப் பத்திக் கத்திக்கிட்டு இருக்காங்க. நான் செருப்பைத் தேடிக்கிட்டு இறங்கினேன்.

கீழ ஹஜ்ரத் போன் பேசிட்டு வந்து நின்னார். பக்கத்து ஊர்ல ஒருத்தர் பிறையைப் பார்த்துட்டாராம். நோன்பை முடிக்க ஒரு சாட்சி போதாது, ரெண்டு வேணும். "நம்ம ஊர்ல யாரும் பார்த்தீங்களா? பெருநாள் அன்னைக்கு ஊரையே நோன்பு வைக்க விட்டோம்னா பெரிய பாவம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். ஒருத்தனாவது காதுல வாங்கணுமே! "பிறையை விடுங்க ஹஜ்ரத், அந்த நெருப்பு இருக்கே"ன்னு நாலு பேர் அவரைச் சுத்திக்கிட்டாங்க. அவருக்கும் ஆசை, "எவ்வளவு பெருசு?"ன்னு கேட்டுட்டார் பாவம். உள்ள இருந்ததால அவர் வெளிச்சத்தைத்தான் பார்த்தாராம்.

நான் வாசல்ல ஒரு கால்ல செருப்பு மாட்டிட்டேன். ஹஜ்ரத் கேட்டாரே, ஏன் சொல்லலைன்னு நீங்க நினைப்பீங்க. பொதுவாக் கேட்கிறது வேற, பேரைச் சொல்லிக் கேட்கிறது வேற தம்பி. பேரைச் சொல்லி அவர் கேட்கல. ஆனா இன்னொரு செருப்பை மாட்டாம அங்கேயே நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். வார் பிஞ்சிருக்கான்னு பார்க்கிற மாதிரி.

அப்பத்தான் இந்தக் கலந்தர் வந்தான். "டெய்லரே, நீ சொல்லு, பச்சையா நீலமா? இவன் நீலங்கிறான். துணி நிறம் பார்க்கிற ஆளு நீதான் தீர்ப்பு சொல்லணும்."

"நான் பார்க்கல."

"என்னது?"

"பார்க்கலைப்பா, வழியை விடு."

அவ்வளவுதான். ஒரு சிரிப்பு கிளம்புச்சு பாருங்க! "ஊசிக் காதைப் பார்க்கிற கண்ணுக்கு ஊர் பெருசு நெருப்பு தெரியலையாம்டா!"ன்னு கலந்தர் ஊதிவிட்டான். ஒருத்தன் என் கண்ணு முன்னாடி விரலை நீட்டி "இது எத்தனை?"ங்கிறான். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஹாஜியார் வந்து என் தோள்ல கை வச்சு, ரொம்பப் பரிதாபமா, "நெய்னா, பட்டணத்துல நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்"ன்னார். ரெண்டு கண்ணுலயும் புரை வச்சுக்கிட்டு எனக்குச் சொல்றார்!

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "நிறுத்துங்கய்யா! நீங்கல்லாம் கிழக்கே திரும்பி வேடிக்கை பார்த்தீங்க. நான் மேற்கே பிறையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்! வந்த வேலையைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்!"னு கத்திட்டேன்.

அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறாங்க. அப்பத்தான் தம்பி நான் என்ன சொன்னேன்னு எனக்கே காதுல விழுந்துச்சு. அலமாரியில இருக்கிற துணி அத்தனையும் என் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. எதிர்ல பார்த்தா, நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் என்கிட்டத் துணி கொடுத்தவங்க.

ஹஜ்ரத் கூட்டத்தை விலக்கிட்டு வந்தார். "நெய்னா, என்ன சொன்னீங்க?"

இப்பப் பேரைச் சொல்லிக் கேட்டுட்டாரே! "பார்த்தேன் ஹஜ்ரத்"னேன்.

"எந்த இடத்துல? கொம்பு எப்படி இருந்துச்சு?"

"தென்னந்தோப்புக்கு மேல. படகு மாதிரி மல்லாந்து, கொம்பு ரெண்டும் மேல பார்த்து. நூல் கனம்தான்."

ஹஜ்ரத் தலையாட்டினார். பக்கத்து ஊர் ஆளும் அப்படியேதான் சொன்னாராம். உடனே ஹாஜியார் குறுக்க வந்தார். "இவன் சொல்றதை எப்படி ஹஜ்ரத் நம்புறது? என் பேரப்புள்ளைங்க சட்டைக்கு 'இதோ, கை மட்டும்தான் வைக்கணும்'னு நோன்பு ஆரம்பிச்சதுல இருந்து சொல்றான். இவன் சொன்னது எது நடந்திருக்கு?"

ஹஜ்ரத் சிரிச்சார். எப்பவும் சிரிக்காத மனுஷன். "ஹாஜியார், நாளைக்குப் பெருநாள்னா இந்த ஊர்ல மானம் போகப்போற ஒரே ஆள் இவர்தான். என் ஜிப்பாவே இவர்கிட்டத் துண்டு துண்டாக் கிடக்கு. பிறை தெரியலைன்னு இவர் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். தெரிஞ்சுதுன்னு சொல்றாரே, இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?"ன்னார்.

கேட்டீங்களா தம்பி? என்னைப் பெருமையாச் சொன்னாரா, காலை வாரினாரா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. பெருமைன்னுதான் வச்சிருக்கேன்.

பெருநாளை அறிவிக்கிற காஜிக்குப் போன் போச்சு, அங்க இருந்து பதில் வந்துச்சு. மோதினார் மைக்குல 'அல்லாஹு அக்பர்'னு தக்பீர் சொன்னதுதான் தாமதம், ஊரே பொங்கிடுச்சு. நெருப்பு பார்த்த சந்தோஷமும் பெருநாள் சந்தோஷமும் சேர்ந்துக்கிட்டா எப்படி இருக்கும்! பொம்பளைங்க மாடியில நின்னு ஒருத்தருக்கொருத்தர் கத்திச் சொல்லிக்கிறாங்க. பசங்க தெருவுல வாய்ல 'ஷ்ஷ்'ன்னு சத்தம் போட்டுக்கிட்டு எரிகல்லா ஓடுறாங்க. துணி கொடுத்தவங்க எல்லாரும் என் கடையைப் பார்த்து ஓடினாங்க. நானும் ஓடினேன். எனக்கு முன்னாடி அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க.

அடிக்கத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன். ஆனா அன்னைக்கு ஊர்ல கோபப்பட யாருக்கும் நேரமே இல்ல. எல்லாருக்கும் பேசணும், நெருப்பைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கணும். கேட்க ஒரு ஆள் வேணும். பார்க்காதவன் ஊர்ல நான் ஒருத்தன்தானே! அப்படியே உட்கார்ந்துட்டாங்க. உட்கார்ந்த கைக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். கலந்தர் மீன் வெட்டற கையால பிசிறு வெட்டினான். வெட்டிக்கிட்டே, "தேங்காய் அளவு இருக்கும் டெய்லரே"ங்கிறான். பட்டன் கட்டிக்கிட்டிருந்தவர் "தேங்காயா? பஸ் அளவு!"ங்கிறார். ஹாஜியார் கண்ணு தெரியாம நூலைத் தடவித் தடவிச் சுத்திக் கொடுத்துக்கிட்டே, "வெள்ளை, நல்ல வெள்ளை. எனக்கு இத்தனை வருஷத்துல இவ்வளவு தெளிவா எதுவுமே தெரிஞ்சதில்லப்பா"ன்னு சொல்லிட்டு அழுதுட்டார். சிரிச்சுக்கிட்டேதான் அழுதார். அதுக்கப்புறம் நானும் கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்திட்டேன்.

மறுநாள் தொழுகைக்கு ஊர் வந்த கோலத்தை நீங்க பார்க்கணும்! ஹஜ்ரத் ஜிப்பாவுல ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கலந்தர் பிசிறு வெட்டின சட்டைக்கெல்லாம் ஓட்டை. ஹாஜியாரோட பேரன் ஒருத்தனுக்குக் காலர் பின்பக்கம். ஆனா எல்லாம் புதுசு! ஒருத்தர் பாக்கியில்லாம புதுசு! கலந்தரோட மகள் ஜரிகை பளபளன்னு மின்னப் புருஷன் வீட்டுக்குப் போனா. இதைத்தான் சொல்றேன், சொன்னா சொன்ன நேரத்துக்குக் கொடுத்துடுவேன்.

இதுல எனக்கு ஒண்ணுதான் இடிச்சுது. அன்னைக்கு ஓடி வந்தப்ப கடையில லைட் எரிஞ்சுது. அயர்ன் பாக்ஸ் சூடா இருந்துச்சு. ஹாஜியார் வீட்டுச் சட்டையெல்லாம் அளவு வாரியா அடுக்கி, பட்டன் ஓட்டைக்குக் காஜா போட்டு, பாதிக்குப் பட்டனும் கட்டியாச்சு. சுடிதாரைத் தையல் போட எடுத்து வச்சாச்சு. என் சம்சாரம் சபுரா தரையில உட்கார்ந்து தலை நிமிராம பட்டன் கட்டிக்கிட்டு இருந்தா. மைக்குல சொன்னதைக் கேட்டுட்டு ஆரம்பிச்சிருக்கான்னு அப்ப நினைச்சுக்கிட்டேன். பெருநாள் சாப்பாடு முடிஞ்சு உட்கார்ந்தப்பத்தான் உறைச்சுது. மைக்குல சொன்னதும் நான் ஓடி வந்ததும் ஒண்ணாத்தானே நடந்துச்சு, அவ்வளவு வேலை எப்படி முடிஞ்சிருக்கும்? கேட்டேன்.

"நெருப்பு போனப்ப நான் நம்ம மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன்"ன்னா. எங்களுக்கு வீடும் கடையும் ஒண்ணுதான், பள்ளிவாசலுக்குக் கிழக்கே, ரெண்டு தெரு தள்ளி. "தலைக்கு மேல பகல் மாதிரி ஆயிடுச்சு. பள்ளிவாசல் மாடி அப்படியே பளிச்சுன்னு தெரிஞ்சுது. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. அத்தனை முகத்துக்கு நடுவுல ஒரே ஒரு முதுகு. உங்க முதுகு எனக்குத் தெரியாதா? இந்த மனுஷன் திரும்பலைன்னா அங்க பிறை இருக்கு, நாளைக்குப் பெருநாள்தான்னு தெரிஞ்சுது. உடனே இறங்கி வந்து அயர்ன் பாக்ஸைப் போட்டேன்"ங்கிறா.

"நான் பார்த்ததை ஹஜ்ரத்கிட்டச் சொல்லாம விட்டிருந்தா?"ன்னேன்.

"நீங்க சொல்லுவீங்க"ன்னா. அவ்வளவுதான், தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! அப்பேர்ப்பட்ட அதிசயம், ஆயுசுல இன்னொரு தடவை வராது, நேரா அவ தலைக்கு மேல போயிருக்கு. தடுக்க ஆளில்ல, மறைக்க மரமில்ல. அண்ணாந்து அதைப் பார்க்காம, கல்யாணம் ஆனதுல இருந்து தினமும் பார்க்கிற என் முதுகைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கா! நெருப்போட நிறம் என்னடின்னா, "நான் எங்க அதைப் பார்த்தேன்"ங்கிறா.

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? டீ ஆறுது, குடிங்க. எங்க வீட்டுல ரெண்டு பேர்ல ஒருத்தராவது அதை ஒழுங்காப் பார்த்திருந்தா, இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி கிடைச்சிருக்கும்.